எடுக்காத பெட்டி

பிப்ரவரி 15, சனி

ரயில் இன்றும் இருபது நிமிடம் தாமதம். ஊத்துக்குளியிலிருந்து வருகிறவள் என்றால் வெண்ணெய் கொண்டுவருகிறவள் என்று பனியன் கம்பெனி ஆபீசில் முடிவே கட்டிவிட்டார்கள். இன்று மூன்று பேருக்கு அரை அரைக் கிலோ. நான் படித்த படிப்புக்கு எம்.சி.ஏ. என்று பெயர்.

நாலு மணிக்கு வந்தது வினை. நாக்பூர் பார்ட்டிக்கு வெள்ளை பனியன் 85 சைஸ், அறுபது பெட்டி என்று எங்கள் காதர்பேட்டைக் கடையைப் பார்த்துக்கொள்ளும் சிவபிரகாஷ் ஒப்புக்கொண்டிருந்தான். ஸ்கிரீனில் எழுபத்து நாலு காட்டியது, அதை நம்பிச் சொன்னான், அவன் மேல் தப்பில்லை. லாரி குடோன் வாசலில் வந்து நின்ற பிறகு பார்த்தால் ரேக்கில் நாற்பத்து நாலுதான் இருந்தது. குடோனைப் பார்த்துக்கொள்ளும் மருதாக்கா மாடி ஆபீசில் இருந்த என்னைக் கீழே கூப்பிட்டார். நானும் எண்ணினேன். இரண்டு தரம். நாற்பத்து நாலேதான். இருந்ததை ஏற்றிக்கொண்டு லாரி போய்விட்டது.

இப்போது கம்ப்யூட்டரில் இருப்பு முப்பது. ரேக்கில் காற்று.

பெட்டிக்குப் பத்து பனியன். முன்னூறு பனியனை யார் எப்படிச் சேலைக்குள் மறைத்துக் கொண்டுபோக முடியும்? அதுவும் 80 சரியாக இருக்கிறது, 90 சரியாக இருக்கிறது. 85 மட்டும் என்ன பாவம் செய்தது?

பிப்ரவரி 17, திங்கள்

எழுதக் கை வரவில்லை. எழுதாமல் படுத்தால் தூக்கம் வராது.

ஓனர் தண்டாயுதபாணி ஐயா பதினொரு மணிக்குக் குடோனுக்கு வந்தார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. இன்றும் போடவில்லை. காலி ரேக்கின் முன்னால் நின்று என்னைத்தான் முதலில் கேட்டார்.

"சிஸ்டத்துல ஏதும் தப்பு இருக்குமாங்க ஜெயபாரதி?"

மருதாக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"இல்லீங்கய்யா. சிஸ்டம் சரியாத்தானுங்க இருக்குது."

ஏன் அப்படிச் சொன்னேன்? இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு டேபிள், ஒரு ஸ்கிரீன் என்று தனியாக உட்கார்ந்து நான் எழுதின புரோகிராம். உங்கள் பிள்ளை திருடுமா என்று யாராவது கேட்டால் யோசித்துவிட்டா பதில் சொல்வோம்? வாய் முந்திக்கொண்டது.

"மருதாள், நீங்க கொஞ்ச நாளைக்கு ஊட்டுல இருங்க. மார்ச்சுல ஸ்டாக் எடுக்கறப்பப் பாத்துக்கலாமுங்க. சாவிய எங்கிட்டக் குடுத்துருங்க."

திருடி என்று யாரும் சொல்லவில்லை. பதினாறு வருஷமாக அவர் இடுப்பில் செருகியிருந்த சாவி. எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"எண்ணி வாங்கிக்கோங்க" என்றார்.

"எதைங்க?"

"குடோனைத்தானுங்க."

ஐயா எண்ணாமலே சாவியை எடுத்துக்கொண்டார். மருதாக்கா சாப்பாட்டுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு வாசல்படி இறங்கிப் போய்விட்டார்.

இன்னொன்றும் எழுதிவிட வேண்டும். ஜனவரியில் ஒரு நாள் மத்தியானம் மருதாக்கா மேலே வந்து, "கண்ணு, உன்ற கம்ப்யூட்டரு தெனமும் ஒரு பெட்டி போடுது" என்றார். கோழி முட்டை போடுகிற மாதிரி அதைச் சொன்னதால் நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்துவிட்டுப் போனார். அத்தோடு மறந்துபோனேன். இன்று அவர் என்னைப் பார்த்தது அதற்குத்தான்.

பிப்ரவரி 18, செவ்வாய்

வெள்ளை 85. ரேக் காலி. சனிக்கிழமைக்குப் பிறகு ஒரு பெட்டிகூட உள்ளே வரவில்லை, தையல் யூனிட்டில் அந்த சைஸ் ஓடவே இல்லை.

கம்ப்யூட்டரில் 32.

சனிக்கிழமை முப்பதுதானே?

பிப்ரவரி 19, புதன்

33!

திருடுவதற்கு ஒரு பெட்டிகூட இல்லாத ரேக்கில் நாளுக்கு ஒரு பெட்டி முளைக்கிறது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மையைச் சொன்னால் ஒரு பக்கம் குஷியாகவும் இருக்கிறது. இதுவரை பெட்டி எங்கே போனது என்று எல்லோரும் தேடினோம். பெட்டி போகவே இல்லை என்றால்? எண் அல்லவா வந்திருக்கிறது?

மத்தியானம் முழுக்க என் புரோகிராமை முதலிலிருந்து படித்தேன். ஸ்டாக் டேபிளில் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு வரி. அந்த வரியில் "இருப்பு" என்று ஒரு கட்டம். கட்டத்தில் ஒரே ஒரு எண். அதை மாற்றுகிற இடங்கள் மூன்றுதான். யூனிட்டிலிருந்து பெட்டி வந்தால் கூடும். குடோனிலிருந்து டெலிவரி கொடுத்தால் குறையும். பில்லை ரத்து செய்தால் கூடும், பெட்டி திரும்பி வருகிறதல்லவா. மூன்றும் சரியாகத்தான் இருக்கின்றன. மூன்று தரம் படித்தேன்.

அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 33. நீ எப்படி 33 ஆனாய் என்று கேட்டால் அதற்குப் பதில் சொல்லத் தெரியாது. புது எண் வந்ததும் பழைய எண்ணை அழித்துவிடும்படி நான்தான் எழுதியிருக்கிறேன். ஆங்கில வருஷப் பிறப்பன்று ஸ்டாக் எடுத்தபோது இதே 85 உதைத்தது. என்ன ஏது என்று பார்க்காமல் ரேக்கில் இருந்த எண்ணைப் பழைய எண்ணின் மேலே அடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அன்றைக்குத் தேடியிருந்தால் அன்றைக்கே கிடைத்திருக்கும்.

சரி, நாளுக்கு ஒன்று என்றே வைத்துக்கொள்வோம். ஜனவரி 2 முதல் போன சனிக்கிழமை வரை கடை திறந்திருந்த நாட்களைக் காலண்டரில் எண்ணினேன். பொங்கல் லீவு, ஞாயிறு எல்லாம் கழித்து முப்பத்து நாலு. வித்தியாசம் முப்பது. நாலு இடிக்கிறது.

பிப்ரவரி 20, வியாழன்

பொறுக்க முடியாமல் ஐயாவிடம் போய்ச் சொன்னேன். "ரேக்கு காலியா இருக்கறப்பவே நம்பர் தானா ஏறுதுங்கய்யா. மருதாக்கா எடுக்கலீங்க."

நான் நாள் கணக்கு எழுதியிருந்த பேப்பரை வாங்கிப் பார்த்தார். எட்டாவதுதான் படித்தவர், மனக்கணக்கில் என்னை விற்றுவிடுவார்.

"தானா ஏறுதுன்னா எல்லா நாளும் ஏறோணுமுங்களே. முப்பத்தி நாலு நாளுக்கு முப்பதுதான வருது. அந்த நாலு நாள் மட்டும் உங்க சிஸ்டம் லீவுங்களா?"

"பாத்துட்டுச் சொல்லுங்க" என்று பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நியாயம்தான். திங்கட்கிழமை சரி என்றவள் வியாழக்கிழமை தப்பு என்றால் எதை நம்புவார்?

ஆபீஸ் முடிவதற்குள் ஒரு வேலை செய்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. "நகர்வு" என்று புதிதாக ஒரு டேபிள். இருப்பு எண் எப்போது மாறினாலும், யார் மாற்றினாலும், டேட்டாபேஸே அதில் ஒரு வரி எழுதிவிடும்: எத்தனை மணிக்கு, எந்தச் சரக்கு, எத்தனை கூடியது, எத்தனை குறைந்தது. அந்த வரிகளை அழிக்க யாருக்கும் அனுமதி இல்லை, எனக்கும் கிடையாது. இனி எண்ணின் மேலே எண் அடிக்கிற வேலை நடக்காது.

பிப்ரவரி 22, சனி

பொறியில் விழுந்தது.

வெள்ளிக்கிழமை, காலை 9.06, வெள்ளை 85, கூடுதல் 1.
சனிக்கிழமை, காலை 9.04, வெள்ளை 85, கூடுதல் 1.

யூனிட்டிலிருந்து பெட்டி வந்தால் வரவுச் சீட்டு இருக்கும். அந்த நேரத்தில் சீட்டு இல்லை. அப்படியானால் மிச்சம் ஒன்றுதான், யாரோ காலையில் ஒரு பில்லை ரத்து செய்கிறார்கள். எந்தப் பில்? அதுதான் தெரியாது. ரத்தான பில்லை வேரோடு அழித்துவிடும்படி எழுதிய புத்திசாலி யார்? டேபிள் சுத்தமாக இருக்கட்டும் என்று நினைத்தாளாம். யார் ரத்து செய்தார்கள்? அதுவும் தெரியாது. கம்பெனி முழுக்க ஒரே பாஸ்வேர்டு. அதைக் கொடுத்ததும் அவள்தான்.

கடை கம்ப்யூட்டரில் காலையில் உட்காருகிறவன் சிவபிரகாஷ். அவன் அப்படிப்பட்டவனா என்று யோசிக்கத் தொடங்கிவிட்டு, உடனே நிறுத்தினேன். ஒருத்தரை அனுப்பிவைத்தது போதாதா?

ரேக்கில் இன்னும் காற்றுதான். கம்ப்யூட்டரில் 36.

பிப்ரவரி 23, ஞாயிறு

மூலனூர் போனேன். மருதாக்கா அண்ணன் வீட்டில் இருக்கிறார் என்று குடோனில் சொன்னார்கள். இரண்டு பஸ், இரண்டே முக்கால் மணி நேரம். வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். ஒன்றும் பயன்படவில்லை.

தோட்டத்தில் முருங்கைக்காயைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் மார்க்கெட்டுக்குப் போக வேண்டுமாம். என்னைப் பார்த்து எழவில்லை, கட்டுவதையும் நிறுத்தவில்லை. அண்ணன் மனைவிதான் மோர் கொடுத்தார். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு நானும் கயிறு எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தேன்.

"அக்கா, நீங்க ஜனவரியில சொன்னது நெசந்தானுங்க. பெட்டி போடுது."

"நீ சிரிச்சுப்போட்டயே."

"ஆமாங்க."

"சிரிச்சதுகூடப் பரவால்ல கண்ணு. அன்னைக்கு எல்லாத்துக்கும் முன்னால சரியா இருக்குதுன்னு சொல்லிப்போட்ட பாரு. பதினாறு வருசத்துல என்ற பைய ஒருத்தரும் தொறந்து பாத்ததில்ல. அன்னைக்கு வாச்மேன் கேட்டான். தொறந்து காட்டிட்டு வந்தன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த நிமிஷம் வாயைத் திறந்திருப்பேனா? அவர் ஒரு கட்டை முடித்து அடுத்ததை எடுத்தார்.

கிளம்பும்போது நாலு இடிக்கிற கணக்கைச் சொன்னேன். அதற்கு மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

"தெனமும் போடறதில்ல. தைப்பூச வாரத்துல போடல. ரேக்குக் காலப் போய்ப் பாரு, கோடு போட்டு வெச்சிருக்கறன்."

பிப்ரவரி 24, திங்கள்

குடோன். வெள்ளை 85 ரேக், சுவர்ப்பக்கத்து இரும்புக் கால். குனிந்து டார்ச் அடித்தால்தான் தெரிகிறது. சாக்பீஸ் கோடுகள், வாரத்துக்கு ஒரு வரிசை, எண் ஏறாத நாளுக்கு ஒரு கோட்டளவு இடைவெளி.

3, 6, 1, 6, 6, 5, 3.

கூட்டினேன். முப்பது.

வருஷப் பிறப்பன்று நான் எண்ணை மேலே அடித்துவிட்டுப் போன மறுநாளிலிருந்து அவர் தினமும் ஸ்கிரீனையும் ரேக்கையும் பார்த்து, எண் ஏறின அன்றைக்கெல்லாம் ஒரு கோடு போட்டிருக்கிறார். நான் போன வாரம் கண்டுபிடித்து நானே மெச்சிக்கொண்ட நகர்வு டேபிளை அவர் ஜனவரியிலேயே இரும்புக் காலில் தொடங்கியிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மூன்றாவது வரிசையின் ஒன்று பொங்கல் லீவு. கடைசியில் ஐந்து, மூன்று என்று குறைகிற அந்த இரண்டு வரிசைகள்தான் பூச வாரம். நாலு கோடு குறைகிறது. எட்டாம் தேதி சனி, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. அந்த நாலு நாளும் கடை திறந்துதான் இருந்தது. சிவபிரகாஷ்தான் திறந்தான். மருதாக்கா இருந்தார். நான் இருந்தேன்.

அந்த நாலு நாளும் ஊரில் இல்லாமல் பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போனது ஒருவர்தான், ஐயா.

இல்லை. தனக்கு மௌஸைப் பிடிக்கவே தெரியாது என்பாரே?

பிப்ரவரி 25, செவ்வாய்

முதல் ரயிலைப் பிடித்து எட்டரைக்கெல்லாம் காதர்பேட்டையில் இருந்தேன். கடைக்கு எதிரே டீ. தெருவில் அதற்குள் இந்தியில் பேரம். சிவபிரகாஷ் ஷட்டரைத் தூக்கினான், ஐயா உள்ளே போனார். ஊதுபத்தி, கற்பூரம். நானும் உள்ளே போய், பிரிண்டர் பார்க்க வந்தேன் என்று ஒரு பொய் சொன்னேன்.

ஐயா திருநீறு பூசிக்கொண்டு நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். மௌஸைத் தொடவில்லை. ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். வாடிக்கையாளர் பெயர்: பழனியாண்டவர். சரக்கு: வெள்ளை 85. பெட்டி: 1. சேமித்தார். கண்ணை மூடிக் கும்பிட்டார். பிறகு அதே ஒற்றை விரலால் ரத்து செய்தார்.

மணி 9.05.

"எங்கய்யன் காலத்துப் பழக்கமுங்க" என்று தன் அப்பாவைச் சொன்னார், நான் பார்ப்பதைக் கண்டு. "போணிப் பில்லு சாமி பேருல. பில் புஸ்தகத்துல மொதப் பக்கத்துல எழுதி ஒரு கோடு போட்டு அடிச்சுருவாரு. அவரு மொதமொதல்ல தெச்சதே இந்த எம்பத்தஞ்சு சைஸுதானுங்க. புஸ்தகம் போய் கம்ப்யூட்டரு வந்துச்சு, சாமி மாறுமுங்களா?"

சிவபிரகாஷை வெளியே இழுத்துக்கொண்டுபோய்க் கேட்டேன், ஏன்டா சொல்லவில்லை என்று. "நான்தானுங்கக்கா அந்த ரெண்டு பட்டனையும் கத்துக்குடுத்தேன். சாமி கும்பிடறதையெல்லாம் போயி உங்ககிட்ட என்னன்னு சொல்றதுங்க?" என்கிறான். அதுவும் சரிதான். நானும் கேட்டதில்லை.

ரயிலில் உட்கார்ந்த பிறகுதான் முழுதும் விளங்கியது. பில் போட்டால் இருப்பு குறையாது. குடோனில் பெட்டியை எடுத்துக் கொடுத்து மருதாக்கா டெலிவரி பட்டனைத் தட்டினால்தான் குறையும். ஆனால் பில்லை ரத்து செய்தால், பெட்டி போனதா இல்லையா என்று என் புரோகிராம் பார்ப்பதே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் கூட்டுகிறது. சாமிக்கு யாரும் பெட்டி எடுத்துக் கொடுக்கவில்லை. எடுக்காத பெட்டியைத் தினமும் திருப்பி வைத்திருக்கிறேன். மூன்று தரம் படித்தும் கண்ணில் படவில்லையே! ரத்து என்றால் பெட்டி திரும்பி வரும் என்று என் மண்டைக்குள்ளேயே எழுதியிருந்திருக்கிறேன்.

ஒரு தப்பும் செய்யாமல் சாமி கும்பிட்டிருக்கிறார் மனிதர். அந்தக் கையாலேயே சாவியையும் வாங்கியிருக்கிறார்.

பிப்ரவரி 26, புதன்

திருத்திவிட்டேன். நாலே வரி. ரத்து செய்யும்போது, அந்தப் பில்லுக்கு டெலிவரி போயிருக்கிறதா என்று பார், போயிருந்தால் மட்டும் கூட்டு. ரத்தான பில் இனி அழியாது, "ரத்து" என்ற அடையாளத்தோடு அப்படியே இருக்கும். ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு. பத்து விதமாகச் சோதித்துப் பார்த்தேன்.

ஐந்து மணிக்கு ஒரு யோசனை வந்தது. எழுதவே கூசுகிறது. இப்போதே முப்பத்தொன்பதைக் கழித்து எண்ணைச் சரிசெய்துவிட்டால், இனிமேல் எல்லாம் பொருந்தும். மார்ச்சில் ஸ்டாக் எடுக்கும்போது வித்தியாசமே இருக்காது. ஒரு பழுது இருந்தது என்றே ஒருத்தருக்கும் தெரியாது. ஐயாவிடம் நிற்க வேண்டாம், அவர் சாமியை இழுக்க வேண்டாம். மருதாக்காவும் ஏப்ரலில் வந்துவிடுவார்.

ஆனால் எடுத்தவள் திரும்பி வந்தாள் என்றுதான் பேசுவார்கள். வாச்மேன் தினமும் பையைப் பார்ப்பான்.

காகிதங்களை பிரிண்ட் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 27, வியாழன்

இன்று 9.07க்கு சாமி பில் போட்டு ரத்தாகியிருக்கிறது. வெள்ளை 85 அசையவில்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் போனேன்.

ஐயா தனியாக இருந்தார். நகர்வு வரிகள், காலண்டர், ரேக்குக் கால் போட்டோ, மூன்றையும் வரிசையாக மேஜைமேல் வைத்தேன். பூச வாரத்தைக் காட்டினேன். அந்த நாலு தேதிகளின் மேலும் ஒவ்வொன்றாக விரலை வைத்தார்.

"அப்ப... நானுங்களா?"

"இல்லீங்கய்யா. நீங்க பண்ணுனதுல தப்பில்லீங்க. எடுக்காத பெட்டிய திருப்பி வெக்கச் சொல்லி எழுதுனது நான்."

"சரியா இருக்குதுன்னு நீதான சொன்ன கண்ணு."

இத்தனை நாள் "வாங்க போங்க" என்றவர், இன்று "நீ" என்றார், "கண்ணு" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஆமாங்கய்யா. பாக்காமச் சொல்லிட்டேன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் எண்ணாம வாங்கிட்டேன்" என்றார். பிறகு, சின்னக் குழந்தை கேட்பதுபோல, "நாளைக்குக் காத்தால சாமி பில்லுப் போடலாமுங்களா?"

"தாராளமாப் போடுங்கய்யா. இனி ஏறாதுங்க."

மருதாக்காவுக்கு அவரே போன் செய்தார். மூன்று தரம். எடுக்கவில்லை.

மார்ச் 1, சனி

என் போனை எடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். "எண்ணிக் குடுக்கச் சொல்லு, வாரேன்" என்றார். வைத்துவிட்டார்.

மார்ச் 2, ஞாயிறு

காலை எட்டு மணி. குடோனில் நாங்கள் நாலே பேர். மருதாக்கா மூலனூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். வாச்மேனையும் கூப்பிட்டு நிறுத்தச் சொன்னார். நிறுத்தினோம்.

எண்ணியது ஐயா. அறுபத்தாறு வயது, முட்டிவலி. சிவபிரகாஷ் எண்ணுகிறேன் என்று முன்னால் வந்தான். "சாவிய வாங்குனது நீயில்லையே சாமி" என்று மருதாக்கா சொல்ல, பின்னால் போய்விட்டான். ஐயா கீழ்த்தட்டுக்குத் தரையில் உட்கார்ந்தார், மேல்தட்டுக்கு ஏணி ஏறினார். மருதாக்கா சிலேட்டில் எழுதினார். 90 சைஸில் பாதி எண்ணும்போது போன் வந்து ஐயா பேசிவிட்டார், எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

"எத்தனைங்க எழுதறது?"

"நாப்பது... நாப்பத்தி ரெண்டுன்னு வெச்சுக்கலாமுங்களா?"

"வெச்சுக்க வேண்டாமுங்க. மொதல்ல இருந்து எண்ணுங்க."

மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். போனை அணைத்து என்னிடம் கொடுத்துவிட்டார்.

வெள்ளை 85-க்கு வந்தபோது மணி ஒன்று. இந்த வாரம் யூனிட்டிலிருந்து வந்த சரக்கு. ரேக்கில் 52. கம்ப்யூட்டரில் 91. வித்தியாசம் முப்பத்தொன்பது. முப்பது கோடு, அதன் பிறகு ஒன்பது நாள். நாலு இடிக்கவில்லை, ஒன்றும் இடிக்கவில்லை. சிவபிரகாஷ் கைதட்டிவிட்டான், அசட்டுப் பையன்.

மடிக்கணினியை அட்டைப்பெட்டிமேல் வைத்து, எல்லோர் முன்னாலும் நகர்வு டேபிளில் ஒரு வரி சேர்த்தேன். வெள்ளை 85, கழிவு 39. காரணம் என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். அதில் எழுதினேன்: "சரக்கு குறையவில்லை. புரோகிராமில் ஜெயபாரதி செய்த பிழை." படித்துக் காட்டச் சொன்னார் மருதாக்கா. காட்டினேன். வாச்மேனைப் பார்த்து, "கேட்டயா?" என்றார்.

ஐயா சாவியை நீட்டினார். "மருதாள், மனசுல வெச்சுக்காதீங்க."

"வெச்சுக்குவனுங்க" என்றார் மருதாக்கா. "வேலைக்கு வருவனுங்க. ஆனா வெச்சுக்குவன்."

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். எல்லோருக்கும் பசி. பக்கத்து மெஸ்ஸில் மீன் தீர்ந்துபோயிருந்தது, ரசத்தோடு சாப்பிட்டோம்.

மார்ச் 29, சனி

ஆடிட்டர் ஆபீசிலிருந்து ஒரு பெண் வந்தார். வருஷக் கடைசி இருப்பு. நகர்வுகளை மேலிருந்து பார்த்துக்கொண்டு வந்தவர் அந்த வரியில் நின்றார். இது ஒரு மாதிரி இருக்கிறது, ஒருவர் பெயரெல்லாம் போட்டு, இதை எடுத்துவிட்டு இருப்பை நேராகக் காட்டிவிடலாமே என்றார்.

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ஐயா முந்திக்கொண்டார். "அது இருக்கட்டுமுங்க. நாங்க ரெண்டு பேரு பண்ணுன தப்பு. அந்தப் புள்ள அவ பேர மட்டும் எழுதி வெச்சிருக்குது."

மொத்தச் சரக்கு இருநூற்றுப் பன்னிரண்டு வகை. ரேக்கும் கம்ப்யூட்டரும் ஒத்துப்போகாதவை: இரண்டு. இரண்டுக்கும் காரணம் தெரியும், ஒன்று எலி.

ஏப்ரல் 3, வியாழன்

பன்னிரண்டு மணி இருக்கும். கீழேயிருந்து மருதாக்காவின் குரல்.

"கண்ணு, 95-ல கம்ப்யூட்டரு ஒரு பெட்டி கூடப் போட்டிருக்குது. இருபத்தெட்டுங்குது. ரேக்குல இருபத்தேழுதான் இருக்குது."

ஸ்கிரீனைப் பார்த்தேன். 28. நகர்வுகளைக் கூட்டினேன். 28. காலையிலிருந்து அந்தச் சரக்கை யாரும் தொடவே இல்லை. சரியாத்தான் இருக்குதுங்க என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு, செருப்பைக்கூடப் போடாமல் இறங்கி ஓடினேன். எண்ணினேன். இருபத்தெட்டு. கீழிருந்து மேலாக இன்னொரு தரம் எண்ணினேன். இருபத்தெட்டு.

"இருபத்தெட்டு இருக்குதுங்களேக்கா?"

அவர் டெலிவரிச் சீட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"தெரியும். வர்றயான்னு பாத்தேன்."